கோப்பை பழசு, எழுத்து புதுசு: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பழைய விளையாட்டுக் கோப்பைகள், பதக்கங்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. பதினான்கு மாதங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் 1,85,000 ரூபாய்க்கு வெள்ளிக் கோப்பை ஒன்று வாங்கினேன். 1936 பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் நடந்த பிரசிடென்சி கிரிக்கெட் மேட்சில் ஆடிய ஒருவருக்குத் தரப்பட்டது என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் படங்களோடு அதையேதான் அவரும் எழுதினார். பில்லில் மட்டும் 'பழைய வெள்ளிக் கோப்பை' என்று இருக்கிறது. போன மாதம் எங்கள் ஊர் நகைப் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, 'கோப்பை பழசுதான் சார், எழுத்து புதுசு' என்றார். வியாபாரியோ, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறதே' என்கிறார். போலீஸுக்குப் போகலாமா?

– மதுரை வாசகர்

பதில்: போலீஸ் பிறகு. முதலில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள்.

நீங்கள் கொடுத்த விலை வெள்ளிக்கு அல்ல, அந்த எழுத்துக்கு. பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15-இன்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். 'கோப்பை பழசுதானே' என்று வியாபாரி சொல்வது அதனால் பதிலாகாது. ஆனால் எழுத்து பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பட்டறைக்காரரின் வாய்வார்த்தை மட்டும் அதற்குப் போதாது.

பிரசிடென்சி மேட்ச் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் நடந்தது. முதல் தர ஆட்டமாகக் கணக்கில் உள்ளதால் ஆடியவர்களின் பெயர்கள் ஸ்கோர் அட்டையில் இருக்கும். 1936 ஜனவரி நாளிதழ்களையும் நூலகத்தில் தேடிப் பாருங்கள். கோப்பையில் உள்ள பெயர் இரண்டு அணியிலும் இல்லையென்றால் பாதி வழக்கு முடிந்தது. பெயர் இருந்தால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். போலி செய்பவரும் அதே அட்டையைப் பார்த்திருப்பார்.

அடுத்து முத்திரை. அந்தக் காலத்து இங்கிலாந்து வெள்ளி என்றால் நடக்கும் சிங்கம், பரிசோதித்த ஊரின் சின்னம் (பர்மிங்காமுக்கு நங்கூரம்), ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து ஆகியவை இருக்கும். அந்த ஆண்டெழுத்து 1936-க்குப் பிந்தையது என்றால் வேறு சாட்சியே வேண்டாம். செய்யாத கோப்பையை யாரும் பரிசாகக் கொடுத்திருக்க முடியாது. முந்தையது என்றால் அதிலிருந்து ஒன்றும் முடிவாகாது. கடையில் பல வருடம் கிடந்த கோப்பையிலும் பெயர் வெட்டிக் கொடுத்திருக்கலாம்.

பொறித்த எழுத்துதான் கடைசி. கையால் வெட்டிய கோடு அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் போகும். பல பத்தாண்டுகள் துடைத்ததில் அதன் விளிம்பு மழுங்கியிருக்கும். கோப்பையின் உடம்பெல்லாம் தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் விரலில் பிறாண்டினால் சந்தேகப்படலாம். பள்ளத்தில் இருக்கும் கறுப்பை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கந்தகக் கரைசலில் ஒரே நாளில் அந்தக் கறுப்பை வரவழைக்கலாம். பட்டறைக்காரர் தான் கண்டதை, உருப்பெருக்கிப் படங்களோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அப்புறம், கோப்பைக்குப் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். சாட்சியம் தேய்ந்து போகும்.

இனி பில். ஏமாற்றி விற்றவருக்கு 'திரும்பப் பெறப்படாது' என்ற வரி கவசமாகாது. 'எனக்கே தெரியாது, நானும் நம்பித்தான் விற்றேன்' என்று அவர் சொல்லலாம். உண்மையாகவே இருக்கட்டும்; தெரியாமல் சொன்ன பொய்த் தகவலுக்காகவும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 18, 19 பிரிவுகள் இடம் தருகின்றன. அடுத்து, 'சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே' என்பார். வாட்ஸ்அப் படத்தில் எழுத்தின் விளிம்பு தெரியாது என்பது உங்கள் பதில்.

வழக்குக்குச் சரியான இடம் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். போலி என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என வாதிட முடியும். ஆனால் வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் பத்து மாதம்தான் மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. மறுவிற்பனைக்கு வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் அல்ல. 'நாளைக்கு நல்ல விலைக்குப் போகுமா?' என்று வாட்ஸ்அப்பில் எங்காவது கேட்டு வைத்திருக்கிறீர்களா? எதிர்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் தேடுவார். இருந்தாலும் அழிக்காதீர்கள், வியாபாரியின் போனிலும் அது இருக்கும். உரையாடலை முழுதாக எடுத்து, மின்னணுப் பதிவுக்காகப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாட்சிய அதிநியம் 2023) பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே போனை மாற்றிவிடாதீர்கள்.

போலீஸ் விஷயம்: மோசடி வழக்குக்கு, விற்கும்போதே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இப்போது கையில் இருப்பதை வைத்து அது கடினம். எழுத்தை வெட்டிக் கொடுத்த ஆளைக் கண்டுபிடித்தால் என்னிடம் மறுபடி கேளுங்கள். அதுவரை பேஸ்புக்கில் வியாபாரியைத் திருடன் என்று எழுத வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

நூலகத்தில் கிடைத்த நகலும் பட்டறைக்காரரின் கடிதமும் கைக்கு வந்ததும், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கோப்பையைத் திருப்பித் தரத் தயார் என்பதையும் அதில் எழுத மறக்காதீர்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரும்வரை கோப்பை உங்களிடமே இருக்கட்டும்.