தாத்தா வீட்டை இடிக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் தாத்தா கட்டிய மர வீடு, தகரக் கூரை, 90 வயது ஆகிறது. இடித்துவிட்டு மண்டபம் கட்டலாம் என்கிறார் அண்ணன். அந்த வீட்டையே பரதம், தமிழ் வகுப்பு, விசேஷங்கள் நடக்கும் இடமாக்க எனக்கு ஆசை. நடக்குமா?

பதில்: நடக்கும் அம்மா. முதலில் அண்ணனிடம் சட்டத்தைச் சொல்லுங்கள். 60 ஆண்டு தாண்டிய கட்டடத்தை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, ஜன்னலைப் பெரிதாக்கக்கூட அனுமதி வேண்டும், நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் அதைத் தருவது அமாஃபா என்ற மரபுக் காப்பு அமைப்பு. அனுமதி கிடைத்தாலும் இடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்க 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் நம்மவர்களை எத்தனை வீடுகளிலிருந்து கிளப்பியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். அதிலிருந்து தப்பிய ஒரு வீட்டை நம் கையாலேயே சாய்ப்பதா?

முன்மாதிரியும் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் சுரங்கப் பொறியாளர் தியோடர் ரூனெர்ட் 1896-இல் கட்டிய விண்டிப்ரோ மாளிகை, பல கை மாறி, இன்று மார்க்கெட் தியேட்டர் அறக்கட்டளையின் கீழ் கலை மையமாக இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். பலகைத் தரை பரதத்துக்கு நல்லது, சிமெண்டில் தட்டடவு போட்டுப் போட்டு முழங்கால் வலிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தரைக்குக் கீழே குனிந்து உத்தரங்களைக் கரையான் அரித்திருக்கிறதா என்று ஒரு நல்ல தச்சரை வைத்துப் பார்க்காமல் ஒரு வகுப்பும் தொடங்காதீர்கள். அப்புறம் கூரை. கடல் காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும், கூரை ஒழுகினால் மரம் போய்விடும், அதனால் வருகிற முதல் பணம் அதற்குத்தான்.

கல்யாணக் கூட்டத்தை உள்ளே விடவே விடாதீர்கள். நம் வழக்கப்படி முற்றத்தில் பந்தல் போடுங்கள், வீடு வகுப்புக்கு மட்டும் இருக்கட்டும். வாடகைக்கு விட மாநகராட்சியின் அனுமதியும் தேவை, அதற்கு முன்பே பக்கத்து வீட்டாரிடம் பேசி மேளம், மைக் எத்தனை மணிக்கு நிற்கும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு விசேஷத்துக்குத் தேதி கொடுக்கும் பழக்கம் மட்டும் வரவே கூடாது, ஒரு முறை கொடுத்தால் பிள்ளைகள் மெல்ல நின்றுவிடுவார்கள்.

கேள்வி: இந்த மாதிரி இடங்களில் பரதம், கர்நாடக சங்கீதம் தவிர வேறு என்ன சொல்லித்தரலாம்? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: தெருக்கூத்து! கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் கூடவே கொண்டுவந்தது, இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாறியது. ஆடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. உங்கள் பகுதியில் ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள், பாட்டைப் பதிவு செய்யுங்கள், நாலு பையன்களையும் கூட்டிப் போங்கள். மேடை தேவையில்லை, ஒரு முற்றம் போதும்.