கோஃபாக்ஸின் இடது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 14 வயது. இடது கை வேகப்பந்து வீச்சாளன். கொஞ்ச நாளாகத் தோள் வலிக்கிறது என்கிறான். அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீசிய சாண்டி கோஃபாக்ஸ் வலியோடு ஆடி ஜெயித்ததைச் சொல்லி ஊக்கப்படுத்துகிறேன். ஆனால் அவரே 30 வயதில் விலகியது ஏமாற்றமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போராடியிருக்கலாமே? பையனைச் சென்னையில் ஏதாவது அகாடமியில் சேர்க்கலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

அகாடமி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கோஃபாக்ஸ் பெயரைப் பார்த்ததால்தான் எழுதுகிறேன். கொஞ்ச காலமாகவே அந்த மனிதரின் கை என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1965இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் வந்து மினசோட்டா அணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் சுருட்டினார். உண்மைதான். பையனிடம் அதைச் சொன்னீர்கள், சரி. ஆட்டத்துக்கு முன் மிளகாய்க் காரம் சேர்ந்த களிம்பைத் தோளிலும் முதுகிலும் பூசிக்கொள்வார், ஆட்டம் முடிந்ததும் முழங்கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி வைத்திருப்பார், மூட்டுக்குள் வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோன் ஊசி, அப்புறம் பந்தயக் குதிரைகளுக்குக் கொடுக்கிற மாத்திரை. இதையெல்லாம் சொன்னீர்களா? மூட்டுவாதத்தில் இடது கை முழுதாக நீளாமல் போனது. கோட்டின் இடது கையை மட்டும் தையல்காரர் குட்டையாக வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. 30 வயது ஆள், ஐயா!

அப்படியும் 1966இல் 27 வெற்றி, 9 தோல்வி. சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது மூன்றாம் முறை. ஆண்டுக்கு 1,25,000 டாலர் சம்பளம். அந்த நவம்பரில்தான் போதும் என்றார். பேஸ்பாலுக்குப் பிறகும் நிறைய வருஷம் வாழ வேண்டும், உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்றார். இதில் உங்களுக்கு என்ன ஏமாற்றம்? அந்தக் கை உங்களுடையதா?

நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம். அடுத்தவன் தாங்குகிற வலியைப் பார்த்து நமக்குப் புல்லரிக்க வேண்டும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சோம்பேறி, சொல்லாமல் மறைத்தால் சிங்கக்குட்டி. அப்புறம் அவன் எதைத்தான் உங்களிடம் வந்து சொல்வான்?

கோஃபாக்ஸிடமிருந்து ஏதாவது எடுத்தே ஆக வேண்டுமென்றால் 1961ஐ எடுங்கள். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி. பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. பயிற்சி ஆட்டம் ஒன்றில் அவர் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெர்ரி, இவ்வளவு முக்காதே, கொஞ்சம் இளக்கி வீசு என்றார். கேட்டார். அடுத்த ஆறு ஆண்டுகளில் 129 வெற்றி, 47 தோல்வி.

இன்று அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் உங்கள் பையன் வயதுக்காரன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. உங்கள் பையன் நேற்று எத்தனை பந்து போட்டான்? எண்ணியிருக்க மாட்டீர்கள். ரன்னை எண்ணியிருப்பீர்கள்.

ஆசை தப்பில்லை. வெயிலில் மைதான ஓரம் நின்று பார்க்கிற தகப்பன் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே, எப்போது வலிக்கிறது என்று அவர் கேட்டால் பையன் பேசட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.