ஒரு லேப்டாப்பில் இரண்டு மானிட்டர்: ஹப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். என் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி-சி, இரண்டு பழைய யூஎஸ்பி போர்ட்கள் இருக்கின்றன. 24 அங்குல மானிட்டர் இரண்டு வாங்கி, லேப்டாப் திரையோடு சேர்த்து மூன்றாக வைத்துக்கொள்ள ஆசை. யூஎஸ்பி-சியில் மாட்டிப் பல போர்ட்களாகப் பிரித்துத் தரும் ஹப், அதில் இரண்டு எச்டிஎம்ஐ உள்ளது ஒன்று வாங்கினால் போதும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்கு ஹப்பே தேவைப்படாமல் போகலாம். ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள், இன்னொன்றை யூஎஸ்பி-சியில் மாட்டுங்கள். இரண்டு கேபிளோடு வேலை முடிந்துவிடும்.

ஆனால் அந்த யூஎஸ்பி-சி போர்ட் படம் அனுப்பக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும். யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர்தான். உள்ளே என்ன ஓடும் என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும் போகும், மானிட்டரை மாட்டினால் ஒன்றும் வராது. போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பு, படம் வரும். ஆங்கில டி, பி இரண்டையும் பிணைத்த மாதிரி ஒரு குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், அதாவது எச்டிஎம்ஐ போலப் படம் அனுப்பும் இன்னொரு முறை, அதிலும் வரும். குறியே இல்லை என்பதற்காக வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறி போடாமலே அந்த வசதியைத் தரும் தயாரிப்பாளர்கள் உண்டு. லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடியில் இருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ (யூஎஸ்பி-சி வழியே படம் அனுப்பும் வசதி) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். மாடல் எண்ணை முழுதாகப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு லேப்டாப்களுக்குள்ளேயே இது வித்தியாசப்படும்.

அப்படியே எத்தனை திரை வரை தாங்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்டெல் சிப்போடு வரும் கிராஃபிக்ஸ் என்றால், 11ஆம் தலைமுறை முதல் பொதுவாக நான்கு திரை, அதற்கு முந்தையவற்றில் மூன்று. லேப்டாப்பின் சொந்தத் திரையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். உங்கள் தேவை மூன்று என்பதால் இதில் சிக்கல் வராது.

கேபிளிலும் பலர் ஏமாறுகிறார்கள். போன் சார்ஜரோடு வந்த யூஎஸ்பி-சி கேபிள் பெரும்பாலும் படத்துக்கு உதவாது, உள்ளே அதற்கான கம்பிகளே இருக்காது. மானிட்டருக்கென்று விற்கும் ‘யூஎஸ்பி-சி டு எச்டிஎம்ஐ’ அல்லது ‘யூஎஸ்பி-சி டு டிஸ்ப்ளேபோர்ட்’ கேபிளையே கேட்டு வாங்குங்கள். ஒன்று கவனம்: லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் சாதாரணக் கேபிள் வேலை செய்யாது, தனியாக மின்சாரம் வாங்கும் கன்வெர்ட்டர் வேண்டும். மானிட்டர் வாங்கும்போதே எச்டிஎம்ஐ உள்ளதாகப் பார்த்து வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, யூஎஸ்பி-சியில் படம் வரவில்லை என்று தெரிந்தால்? நண்பர் சொல்லும் ஹப்பும் அந்தப் போர்ட்டிலிருந்துதான் படத்தை எடுக்க வேண்டும், அதனால் அதுவும் வேலை செய்யாது. அப்போது படத்தைச் சாதாரண யூஎஸ்பி டேட்டாவாக அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் போன்ற முறைதான் வழி. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப் வாங்கி மாட்டினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் வருகிறது. ஹப் பழுதா?

பதில்: பழுது இல்லை. இதே அனுபவம் எனக்கும் உண்டு. இரண்டு மானிட்டரும் எரிந்ததைப் பார்த்து மகிழ்ந்து, ஒரு ஜன்னலை இழுத்துப் பக்கத்துத் திரையில் விடப் போனேன். மவுஸ் அம்பு இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நகர்ந்தது. கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தே ஒரு மாலை போய்விட்டது. அட்டைப்பெட்டியில் ‘இரட்டைத் திரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மேக்கில் அது ஒரே படத்தை இரண்டு முறை காட்டும் என்பதைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். இதை முன்பக்கத்திலேயே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். இந்த வகை ஹப் எம்எஸ்டி என்ற முறையில் ஒரே கேபிளில் வரும் இரண்டு படங்களைப் பிரித்துத் தருகிறது. விண்டோஸ் அப்படி அனுப்பும், மேக் அனுப்பாது. அதோடு எம்1, எம்2 மேக்புக் ஏர் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏரில் மூடியை மூடினால் இரண்டு. எம்4 ஏரில் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. அவற்றிலும் இந்த ஹப் ஒரே படத்தைத்தான் காட்டும். ஆளுக்கொரு போர்ட்டில் மாட்ட வேண்டும், அல்லது தண்டர்போல்ட் டாக் (ஹப் மாதிரியே பல போர்ட்கள் உள்ள பெட்டி) வேண்டும்.

உங்கள் எம்1இல் இரண்டு தனித்தனிப் படம் வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் அல்லது அடாப்டர் வாங்குங்கள். அது படத்தைச் சுருக்கி சாதாரண யூஎஸ்பி டேட்டாவாக அனுப்புகிறது, அதனால் பழைய யூஎஸ்பி போர்ட்டிலும் ஓடும். அதற்கான மென்பொருளை நிறுவ வேண்டும். மேக்கில் அது திரையைப் பதிவு செய்ய அனுமதி கேட்கும். பயப்பட வேண்டாம், அது வேலை செய்யும் முறையே அப்படித்தான். மின்னஞ்சல், அட்டவணை, எழுத்து வேலைக்கு நன்றாகவே இருக்கும். கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் நான் சொல்ல மாட்டேன். கட்டணப் படத் தளங்களில் திரை கறுத்துப் போகவும் கூடும். அலுவலக லேப்டாப் என்றால், மென்பொருள் நிறுவ அனுமதி உண்டா என்று கேட்ட பிறகே வாங்குங்கள்.

கேள்வி: 4கே மானிட்டரை ஹப் வழியாக மாட்டியிருக்கிறேன். படம் தெளிவு, ஆனால் மவுஸ் தத்தித் தத்திப் போகிறது. மானிட்டர் கோளாறா?

பதில்: திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். டிஸ்ப்ளே அமைப்பில் 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப நொடிக்குச் சுமார் 12.5 ஜிகாபிட் வேண்டும். பல ஹப்கள் யூஎஸ்பி-சியின் நான்கு பாதைகளில் இரண்டை டேட்டாவுக்கு ஒதுக்கிவிடும். மிச்ச இரண்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் 8.64 ஜிகாபிட்தான் போகும், 4கே 30க்கு இறங்கிவிடும். 1.4 என்றால் 12.96 போகும், 60 கிடைக்கும். இதற்கு லேப்டாப்பும் ஹப்பும் இரண்டுமே 1.4ஆக இருக்க வேண்டும். ஹப்பின் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தாலும் 30தான் வரும், 2.0 வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேறு, எச்டிஎம்ஐ 1.4 வேறு; எண் ஒன்றுபோல இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புது ஹப் தேடும் முன், மானிட்டரை நேரடியாக லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள். 60 வந்துவிட்டால் மானிட்டரை அங்கேயே விட்டுவிட்டு, கீபோர்டையும் மவுஸையும் ஹப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: போதாது. கடையில் ஒரே விளம்பரத்தைப் பல திரைகளில் காட்டுவதற்கான சாதனம் அது. இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும்.