ஏறத் தெரியும், எறங்கத் தெரியுமா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேந்த டிரையத்லனுக்கு சைக்கிள் ஓட்டிப் பழகுறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன மாசம் கேட்டிருந்தோம். வந்த கடிதம், வாட்ஸப் வாய்ஸ் எல்லாத்தையும் ஒக்காந்து பாத்தா பாதிக்கு மேல எறக்கத்தப் பத்தித்தான். ஏறுறதப் பத்தி ஒருத்தர் கூட கேக்கல, மலைநாட்டுல பொறந்ததால அது தானா வந்துரும்னு ஒரு நெனப்பு, சரி இருக்கட்டும்.

அண்ணே, ஞாயித்துக்கிழமைல நுவரெலியா வரைக்கும் ஏறி லபுக்கலை, ரம்பொடை பக்கமா எறங்குவேன். ஏறும்போது பசங்கள்ல நான்தான் முன்னாடி, எறங்கும்போது நான்தான் கடைசி. ரெண்டு பிரேக்கையும் புடிச்சே வந்து விரல் வெறச்சுப் போகுது. முன் பிரேக்கத் தொட்டா தலகுப்புற தூக்கி எறிஞ்சிரும்னு மாமா சொல்றாரு, நெசமா?
*வாசகர், தலவாக்கலை*

தம்பி, மாமா சொல்றதுல பாதி நெசம். முன் பிரேக்க பயத்துல ஒரேயடியா அமுக்கினா தூக்கி எறியும்தான், ஆனா சைக்கிள நிப்பாட்டுற வேலையில பெரும்பங்கு அந்த முன் பிரேக்குக்குத்தான். பிரேக் புடிச்சதும் ஒங்க பாரம் எல்லாம் முன்னுக்குப் போகுது, பின் சக்கரம் லேசாகிருது, லேசான சக்கரத்த எவ்வளவு அமுக்கினாலும் அது வழுக்கத்தான் செய்யும். அதனால ரெண்டையும் சேத்துப் புடிங்க, முன்னுக்கு கொஞ்சங் கொஞ்சமா அழுத்தம் கூட்டுங்க, அதே நேரம் இடுப்ப சீட்டுக்குப் பின்னால தள்ளி, கையால ஹேண்டில ஊன்றிக்கங்க. இன்னொன்னு, எந்தக் கை எந்த பிரேக்குன்னு மொதல்ல பாருங்க. நம்ம ஊரு சைக்கிள்ல பெரும்பாலும் வலது கையில முன் பிரேக் இருக்கும், வெளிநாட்டுலருந்து வர்ற செகண்ட்ஹேண்ட் ரோட் பைக் சிலதுல மாறி இருக்கும், இது தெரியாம ஓட்டுனவங்கள எனக்குத் தெரியும்.

இப்ப அந்த "புடிச்சே வர்றது" கதைக்கு வருவோம். ஒங்களையும் சைக்கிளையும் சேத்து ஒரு 85 கிலோன்னு வச்சுக்கங்க. 100 மீட்டர் உயரம் எறங்குறீங்க, முழுசையும் பிரேக்லயே தாங்குறீங்கன்னா அதுல வர்ற சூடு ஒரு கப் பிளேன்டீக்கு பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கப் போதும். 500 மீட்டர் எறங்குனா அஞ்சு கப்பு, ரிம்மப் புடிக்கிற பிரேக்குன்னா அத்தனையும் ஒங்க ரிம்முலயும் பிரேக் கட்டையிலயும்தான் எறங்குது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கிறது இப்படித்தான். கார்பன் ரிம்முன்னா இன்னும் மோசம். நேரா இருக்குற இடத்துல பிரேக்க விட்டு, நெஞ்சக் கொஞ்சம் நிமித்துனா காத்தே பாதி வேலையப் பாத்துரும், வளைவு வர்றதுக்கு முன்னாடி ஒரு தரம் நல்லா அழுத்திப் புடிச்சு வேகத்தக் கொறச்சுட்டு மறுபடி விட்டுரணும். புடி, விடு, புடி, விடு. கையும் வெறைக்காது, ரிம்மும் ஆறும்.

முக்கியமா பிரேக் புடிக்கிற வேலை வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சிரணும். டயருக்கு ரோட்டப் புடிச்சுக்கிற சக்தி ஒரு அளவுக்குத்தான் இருக்கு, அத வளையிறதுக்கும் நிக்கிறதுக்கும் பங்கு போட்டா ரெண்டுக்கும் பத்தாது. நான் இத எப்படிப் படிச்சேன்னா, 28 வயசுல, லபுக்கலைக்கு கீழ ஒரு ஹேர்பின்னுல, தூறல் வேற, டர்பன்டைன் மர எலையெல்லாம் ரோட்டுல ஒட்டிக் கெடக்கு, பாதி வளைவுல பயந்து முன் பிரேக்க நசுக்கிட்டேன். அடுத்து ஞாபகம் வர்றது கான்ல மல்லாக்கக் கெடந்து வானத்தப் பாத்ததுதான். மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அம்மா ஒருத்தங்க கூடையோட எட்டிப் பாத்து, "ஏந்தம்பி, பஸ்ஸுல வந்திருக்கலாமே"ன்னாங்க. முழங்கை காயம் ரெண்டு வாரத்துல ஆறிருச்சு.

வளைவுக்குள்ள என்ன செய்யணும்னா, வெளிப்பக்க கால் கீழ, உள்பக்க கால் மேல. வெளிப்பக்க பெடல்ல பாரத்தப் போட்டு மிதிச்சுக்கிட்டு நிக்கணும். கண்ணு வளைவு முடியிற எடத்தப் பாக்கணும், குழியப் பாத்தா குழிக்குள்ளதான் போவீங்க, இது சத்தியம். கைய பிரேக்குக்குப் பக்கத்துல, ஹேண்டிலோட கீழ் வளைவுல வைங்க, புடிப்பும் கெட்டியா இருக்கும், பாரமும் கீழ எறங்கும். நம்ம ரோட்டுல எடது வளைவுன்னா எதிர வர்ற பஸ் நடுக்கோட்டத் தாண்டி நம்ம பக்கம் வரும்னு எண்ணிக்கங்க, கோட்டுலருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருங்க. வலது வளைவுல ஓரத்துல மணலும் சரளையும் இருக்கும், அதுக்கப்புறம் கான். புத்தகத்துல போட்டிருக்கிற அழகான வளைவுக் கோடெல்லாம் ரோட்ட மூடி ரேஸ் வைக்கிற ஊருக்கு, நமக்கு நம்ம லேனுக்குள்ள கெடைக்கிறதுதான். மழைன்னா ரிம் பிரேக் மொதல் சுத்துல தண்ணியத்தான் தொடைக்கும், அதுக்கப்புறந்தான் புடிக்கும், அதனால வளைவுக்கு நல்லா முன்னாடியே லேசா ஒரு தரம் தொட்டு வச்சிருங்க.

கடைசியா வர்றதப் பத்தி கவலப்படாதீங்க, எறக்கத்துல ஜெயிச்சு யாருக்கும் மெடல் குடுக்கல. மணிக்கு 20 கிலோமீட்டர்ல போறதுக்கும் 40ல போறதுக்கும் நடுவுல வேகம் ரெண்டு மடங்குதான், பிரேக் புடிச்சதுலருந்து நிக்கிறதுக்கு வேணுங்கிற தூரம் நாலு மடங்கு.

நான் ஒரு டீச்சர், வயசு 34. சைக்கிள்ல போய்க்கிட்டே தண்ணி போத்தல எடுக்க வரல, ஒரு கைய விட்டா தடுமாறுது. போன ரேஸ்ல ஒவ்வொரு தரமும் எறங்கி நின்னு குடிச்சேன். யூ டர்ன்லயும் கால ஊன்றிட்டேன், பின்னால வந்தவங்க திட்டினாங்க. இந்த வயசுல இதெல்லாம் பழக முடியுமா?
*பேர் போட வேணாம்னு கேட்ட வாசகி, வெலிமடை*

டீச்சர், ஒங்க ஸ்கூல் கிரவுண்டு இருக்கே, அது போதும். ரோட்டுல பழகாதீங்க, புல்லுல பழகுங்க, விழுந்தாலும் வலிக்காது. சித்திரை வருசத்துக்கு தோட்டத்துல வைப்பாங்களே ஸ்லோ சைக்கிள் ரேஸ், கடைசியா வர்றவந்தான் ஜெயிச்சவன், அத நம்ம ஆளுங்க வெளையாட்டுன்னு நெனைக்கிறாங்க, நான் கேட்டா அதுதான் மொதல் பாடம்னு சொல்வேன். நடக்குற வேகத்துல நேரா போக முடிஞ்சவங்களுக்கு மத்ததெல்லாம் சும்மா வந்து சேரும். ஒரு 20 மீட்டர் அளந்து வச்சுக்கிட்டு எவ்வளவு மெதுவா போக முடியுமோ அவ்வளவு மெதுவா போங்க, பின் பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே மிதிங்க.

அது வந்ததும் போத்தல். மொதல்ல எடுக்கவே வேணாம், ஒரு கைய ஹேண்டிலோட நடுப்பகுதிக்குக் கிட்ட, தண்டுக்குப் பக்கத்துல வைங்க, ஓரத்துல புடிச்சா ஒங்க தோள் அசையிறப்பல்லாம் சைக்கிளும் அசையும். மத்த கையால தொடையத் தொடுங்க, பிறகு போத்தலத் தொடுங்க, பிறகு பாதி இழுத்துட்டு திருப்பி வைங்க, கண்ண மட்டும் கீழ எறக்காதீங்க. ஒரு நாளைக்கு 15 நிமிஷம் வச்சா ரெண்டு மூணு வாரத்துல குடிச்சுக்கிட்டே போவீங்க. அதோட வலது தோளுக்கு மேலால திரும்பிப் பாக்குறதையும் பழகுங்க. நம்மள முந்துறதெல்லாம் வலது பக்கந்தான், திரும்புனதும் சைக்கிளும் கூடவே திரும்பக் கூடாது. பிள்ளைங்கள ஒருத்தர பின்னால நிக்க வச்சு எத்தன விரல் காட்டுறாங்கன்னு கத்தச் சொல்லுங்க, வகுப்புல ஒங்களுக்கு மவுசு கூடும்.

யூ டர்னுக்கு ரெண்டு செருப்ப வச்சு எட்டுப் போடுங்க. பெருசா ஆரம்பிச்சு சின்னதாக்குங்க. திரும்புறதுக்கு முன்னாடியே கியரக் கொறச்சிரணும், இல்லாட்டி வெளிய வரும்போது மிதிக்க முடியாம கால் ஊன்ற வேண்டி வரும், ஒங்களுக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும். முகம் எங்க பாக்குதோ சைக்கிள் அங்க போகும், கோன் பக்கமே பாத்தா கோன்ல போய் இடிக்கும். திட்டினவங்கள விடுங்க, பின்னால இடைவெளி விட்டு வர வேண்டியது அவங்க பொறுப்பு.

டயருக்கு 120 பிஎஸ்ஐ அழுத்தத்துல காத்து அடிச்சா வேகமா போகலாமா?
*வாசகர், ஹட்டன்*

கராஜ்ல அப்படித்தான் சொல்லுவாங்க. டயர் ஓரத்துல போட்டிருக்கிற பெரிய நம்பர் அதுக்கு மேல போகாதேங்கிற எல்லை, அவ்வளவு அடின்னு அர்த்தம் இல்ல. 28 மில்லிமீட்டர் டயரு, ஒங்க எடை 65 கிலோன்னா 70, 75 போதும், நம்ம ரோட்டுல 120 அடிச்சா டயரு குதிக்கும், குதிக்கிற டயரு ரோட்டத் தொடாது. மழையில இன்னும் ஒரு 5 கொறைங்க.

ஹட்டன், நோர்வூட் பக்கம் ஏத்தத்துல என்னைய யாரும் புடிக்க முடியாது. கொழும்புல 90 கிலோமீட்டர் ஓட்டுனேன், 60க்குப் பிறகு செத்துட்டேன், என்னைய விட குண்டா இருக்கவங்கெல்லாம் தாண்டிப் போனாங்க. என்ன தப்பு?
*வாசகர், டிக்கோயா*

ஒங்க எடை 54 கிலோன்னு எழுதியிருக்கீங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. ஏத்தத்துல ஒரு கிலோ எடைக்கு எத்தன வாட் சக்தியில மிதிக்கிறீங்கங்கிறதுதான் கணக்கு, சின்ன ஆளு ராஜா. தட்ட ரோட்டுல எதிரி காத்து, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா ஒங்க ஒழைப்புல பெரும்பகுதி அதுக்கே போயிரும், அங்க மொத்தமா எத்தன வாட் மிதிக்கிறீங்க, எவ்வளவு ஒடுங்கி ஒக்காந்திருக்கீங்கங்கிறதுதான் பேசும். 75 கிலோ ஆளு ஒங்கள விட அதிகமா மிதிப்பாரு, ஆனா காத்து அடி அவருக்கு அதே அளவுக்கு அதிகமாகாது.

இன்னொன்னு, நம்ம மலையில 3 மணி நேரம் ஓட்டுனேன்னு சொல்றோம், அதுல எவ்வளவு நேரம் மிதிச்சீங்க? ஏறுறீங்க, பிறகு எறக்கத்துல கால் சும்மா இருக்கு, பிறகு ஒரு கடை, பிளேன்டீ, ரொட்டி. கொழும்புல 2018ல மொத தடவை அயன்மேன் 70.3ங்கிற டிரையத்லன் வச்சப்போ நீச்சல் 1.9, சைக்கிள் 90, ஓட்டம் 21.1 கிலோமீட்டர், அந்த 90ம் தட்ட ரோடு, ஒரு நிமிஷம் கூட சும்மா உருள முடியாது. கூட்டத்துல ஒருத்தர் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சும் போக முடியாது, அந்த மாதிரி ரேஸ்ல 12 மீட்டர் இடைவெளி விடணும். ஞாயித்துக்கிழமை பசங்களோட ஒட்டிக்கிட்டு ஓட்டிப் பழகினது அங்க ஒதவாது.

அதனால வாரத்துல ஒரு நாள் தனியா, நிக்காம மிதிக்கிற பயிற்சி வேணும். நுவரெலியாவுக்குப் போனா கிரகரி வாவியச் சுத்துங்க, விடிய முன்ன, குதிரையும் ஆளும் வர முன்ன. வீட்டுல சைக்கிள மாட்டி நின்ன எடத்துலயே மிதிக்கிற டிரெய்னர் இருந்தா அத விட நல்லது. 20 நிமிஷம் ரெண்டு தரம், நடுவுல 5 நிமிஷம் லேசா, ஒரு சின்ன வாக்கியம் பேச முடியணும் ஆனா கதை சொல்ல முடியாத அளவுக்கு மிதிங்க, பெடல் நிமிஷத்துக்கு 85, 90 சுத்து. நீங்க ஏத்தத்துல 60ல மிதிச்சுப் பழகினவரு, மொதல் மாசம் கால் கோவிச்சுக்கும். இது பழகினப்புறம் மாசத்துல ஒரு தரம் கீழ எறங்குங்க, வெல்லவாய, தணமல்வில ரோட்டுல ரெண்டு மணி நேரம் ஒரே நெலையில ஓட்டிப் பாருங்க. சைக்கிளுக்கு குனிஞ்சு முழங்கை ஊன்றுற ஏரோ பார் போட்டிருந்தா அங்க பழகுங்க, ஆனா திரும்பி மேல வரும்போதும் எறங்கும்போதும் அதுல கை வைக்காதீங்க, அதுல பிரேக் இல்ல.

கீழ போகச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் வெயில். கடல் மட்டத்துலருந்து 1868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாக் குளிருல பழகின ஒடம்ப ஒரே ராத்திரில கொழும்புப் புழுக்கத்துல கொண்டு போய் விட்டா அது என்ன செய்யும், வேர்த்தே சாகும். ஒடம்பு சூட்டுக்குப் பழக 10 நாள், 2 வாரம் ஆகும். அவ்வளவு லீவு கெடைக்காது, எனக்கும் கெடைக்காது, அதனால கடைசி மாசத்துல மத்தியான வெயில்ல ஓட்டுங்க, சனி ஞாயிறு கீழ போங்க. சாப்பாடு என்ன எடுத்தீங்கன்னு கேட்டதுக்கு "ரெண்டு போத்தல் தண்ணி"ன்னு எழுதியிருக்கீங்க, 60வது கிலோமீட்டர்ல செத்ததுக்கு அதுவே போதும். மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து, சக்கரை உள்ள போகணும், ஒரு நடுத்தர வாழப்பழத்துல ஏறக்கொறைய 25 கிராம் இருக்கு, கணக்கு நீங்களே போடுங்க. தண்ணில கரைக்கிற ஜீவனி பக்கெட் உப்புக்கு சரி, பசிக்குப் பத்தாது.

பெடல்ல மாட்டிக்கிற கிளீட் ஷூ போட்டு மொத நாளே பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி நின்ன எடத்துல சாஞ்சு விழுந்துட்டேன். ஊரே சிரிச்சுச்சு.
*வாசகர், பண்டாரவளை*

எல்லாரும் விழுந்தவங்கதான், நீங்க எடம் தேர்ந்தெடுத்ததுதான் சரியில்ல. பெடல்ல இருக்கிற ஸ்ப்ரிங் ஸ்க்ரூவ நல்லா தளர்த்துங்க, வீட்டு செவத்தப் புடிச்சுக்கிட்டு 50 தரம் மாட்டி கழட்டுங்க. நிக்கிறதுக்கு 20 மீட்டர் முன்னாடியே எடது கால கழட்டிருங்க, எப்பவும் எடது காலத்தான், வலது பக்கம் வண்டி போகுது.

என் வீட்டுக்காரரு காலைல 4 மணிக்கு எழும்பி சைக்கிள் எடுத்துக்கிட்டு போறாரு, பனிமூட்டத்துல ஒன்னும் தெரியாது, எனக்கு மனசே சரியில்ல. நீங்களாவது சொல்லுங்க.
*வாசகி, நானுஓயா*

தங்கச்சி, அவர நிப்பாட்டச் சொன்னா நான் கட்சி மாறினவனாகிருவேன். ஆனா நானுஓயா மூட்டம் எனக்குத் தெரியும், 10 மீட்டருக்கு அங்கால லொறி நிக்கிறது கூட தெரியாது. அப்படி இருக்கிற அன்னைக்கு எறக்கத்துல ஓட்டவே கூடாது, இத நான் சொன்னதா சொல்லுங்க. மத்த நாள்ல பின்னால செவப்பு லைட் ரெண்டு, ஒன்னு சைக்கிள்ல, ஒன்னு ஹெல்மட்டுல, ஒன்னு அணைஞ்சா மத்தது இருக்கும். கறுப்பு ஜாக்கெட்ட ஒளிச்சு வச்சுட்டு மஞ்சள் ஒன்னு வாங்கிக் குடுங்க, எந்த ரோட்டால போறாரு, எத்தன மணிக்கு வருவாருங்கிறத ஒரு துண்டுல எழுதி பிரிட்ஜுல ஒட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

செயின் தொடைக்க ஒங்க நல்ல துவாய எடுக்கிறாருன்னு கடைசியில எழுதியிருக்கீங்களே, அதுக்கு மட்டும் என்கிட்ட நியாயம் இல்ல. பழைய சாரம் ஒன்னக் கிழிச்சு சைக்கிள்லயே கட்டி வச்சிருங்க.