தொண்டையைப் பிடிக்கிற எண்ணெய்

கேள்வி: என் தம்பி கப்பல்ல வேலை பாக்குறான். போன தடவை கிரீஸ் பக்கம் போனப்ப கிரீட் தீவுல ஒரு புருஷன் பொண்டாட்டி நடத்துற சின்ன ஆலிவ் தோட்டத்துலருந்து ஒரு டின் எண்ணெய் வாங்கிட்டு வந்தான். ஒரு ஸ்பூன் குடிச்சுப் பாத்தேன், கசக்குது, தொண்டையில காரமா பிடிச்சு இருமலே வந்துருச்சு. கெட்டுப்போன எண்ணெயா? விலையும் ஜாஸ்தி.
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தயவுசெஞ்சு கொட்டிடாதீங்க சகோதரி, உங்க வீட்டுக்கு வந்திருக்கறது தரமான எண்ணெய். அந்தக் காரத்துக்குக் காரணம் ஓலியோகாந்தால்னு ஒரு பொருள். ஐபுபுரூஃபன்ங்கற வலி மாத்திரை தொண்டையில பட்டா ஒரு எரிச்சல் வரும்ல, இதுவும் அதே மாதிரிதான், வீக்கத்தைக் குறைக்கற வேலையையும் அதே வழியில செய்யுதுன்னு 2005-ல விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. எண்ணெய் பழசாக ஆக இந்தக் காரம் குறைஞ்சுக்கிட்டே போகும், அதனால இருமல் வந்துச்சுன்னா பெரும்பாலும் சரக்கு புதுசுன்னுதான் அர்த்தம்.

விலை பத்திக் கேட்டீங்க. நான் ஒரு நவம்பர்ல கிரீட்ல இதே மாதிரி ஒரு தம்பதியோட தோட்டத்துல தங்கியிருந்தேன், 300 மரம் இருக்கும், எல்லாம் கொரொனெய்க்கி ரகம், காய் நம்ம களாக்காய் அளவு கூட இருக்காது. விடிஞ்சதும் மரத்தடியில வலையை விரிச்சுருவாங்க, அவர் பேட்டரியில ஓடுற நீளக் கோலால கிளையைக் கோதிவிடுவார், கோல் நுனியில விரல் மாதிரி இருக்கும், காய் மழை மாதிரி சடசடன்னு விழும். அந்தம்மா குனிஞ்சு வலையை இழுத்து, இலை குச்சியெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு சாக்குல கட்டுவாங்க. பொழுது சாயறப்ப ஆறு மூட்டை, 300 கிலோ. இடுப்பு ஒடியுற வேலைங்க அது.

அதோட முடியல, அன்னைக்கு ராத்திரியே மில்லுக்குப் போயாகணும். எள்ளைக் காயவெச்சு மாசக்கணக்கா வெச்சிருந்து நிதானமா செக்குல ஆட்டலாம், ஆலிவ் அப்படி இல்ல, அது பழம், வெட்டின கரும்பு மாதிரி நேரம் ஆக ஆகக் கெடும். மூட்டையிலயே அடைஞ்சு கிடந்தா சூடேறிப் புளிக்க ஆரம்பிச்சுரும், எண்ணெயில அமிலம் ஏறிரும். எக்ஸ்ட்ரா வெர்ஜின்னு, அதாவது முதல் தரம்னு போடணும்னா அந்த அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ருசியிலயும் மணத்துலயும் குறை இருக்கக்கூடாது. மில்லுல கொட்டையோட சேத்து அரைச்சு, அந்த விழுதை அரை மணி முக்கால் மணி நேரம் மெதுவாக் கிளறி (27 டிகிரிக்கு மேல சூடு போகக்கூடாது), அப்புறம் வேகமாச் சுத்துற மெஷின்ல விட்டு எண்ணெயைப் பிரிக்கறாங்க. நான் போனப்ப ராத்திரி பதினோரு மணி, குழாய்லருந்து பச்சைப்பசேல்னு கலங்கலா எண்ணெய் விழுது, புதுசா வெட்டின புல்லு வாசம். அந்தம்மா நெருப்புல வாட்டின ரொட்டியை அதுல நனைச்சு முதல்ல வீட்டுக்காரர் வாயில வெச்சாங்க, அவரும் இருமினார், ரெண்டு பேர் முகத்துலயும் அப்படி ஒரு சந்தோஷம்!

1 லிட்டருக்கு சுமாரா 5 கிலோ காய் வேணும். 300 கிலோவுக்கு 60 லிட்டர், அதுலயும் மில்லுக்காரருக்கு ஒரு பங்கு போயிரும். ஒரு வருஷம் நல்லாக் காய்ச்சா மறு வருஷம் ஏமாத்தும், நம்ம மாமரம் கணக்கா, போதாததுக்கு காயைத் துளைக்கிற ஆலிவ் ஈ வேற. இதையெல்லாம் பாத்தப்புறம் எனக்கு அந்த விலை ஜாஸ்தியாத் தெரியல.

கேள்வி: கடையில ஆலிவ் எண்ணெய்ல லைட், பொமேஸ்னு போட்டிருக்கே, அது என்ன? எக்ஸ்ட்ரா வெர்ஜின்ல தாளிக்கலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: லைட்னா ருசியும் நிறமும் லேசா இருக்கும்னு அர்த்தம், கொழுப்பு குறைச்சல் கிடையாது. அது ரீஃபைன் பண்ண எண்ணெய். பொமேஸ்ங்கறது பிழிஞ்ச சக்கையிலருந்து கெமிக்கல் போட்டு எடுத்து ரீஃபைன் பண்றது, நம்ம புண்ணாக்கு எண்ணெய் மாதிரி. எக்ஸ்ட்ரா வெர்ஜின்ல தாராளமாத் தாளிக்கலாம், கிரீட்ல உருளைக்கிழங்கே அதுலதான் பொரிக்கறாங்க, புகையுற அளவுக்குக் காயவிடாதீங்க, அவ்ளோதான். வாங்கறப்ப அறுவடை தேதி இருக்கான்னு பாருங்க, கருப்பு பாட்டிலோ டின்னோ வாங்குங்க, அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க, திறந்தா ரெண்டு மூணு மாசத்துல தீத்துருங்க.