டி-சட்டையின் முதுகில் ஐந்து சொற்கள்

வணக்கம் அண்ணன்,

கோலாலம்பூரில் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கின் இளையோர் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் சௌகிட் பக்கம் தெருவில் படுப்பவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுக்கிறோம். மத்தியானமே கூடிவிடுவோம். வெங்காயம் நறுக்குவதிலிருந்து பொட்டலம் கட்டுவது வரை எல்லாம் நாங்களே. போன வருடம் ஒருவரை வரவழைத்து 'பொது விழுமியங்கள்' என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். அன்பு, தாழ்மை, நேர்மை, பகிர்வு, பணி என்று ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுத்து டி-சட்டையின் முதுகில் அச்சடித்துக்கொண்டோம்.

சென்ற மாதம் ஆண்டு நிறைவு. நன்றியுரையில் எல்லார் பெயரும் வந்தது, கேக் கொண்டுவந்து கொடுத்தவர் பெயர்கூட. என் பெயர் இல்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். ஒரு பெயருக்காக அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதேன். அப்புறம் குழுவில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல். பொட்டலம் வாங்க வருகிறவர் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டால்கூடக் கோபம் வருகிறது. சுயநலமில்லாத சேவை குணத்தை வளர்க்கும் என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். மூன்று வருடத்தில் எனக்கு வளர்ந்தது கோபம்தான். தப்பு என்னிடமா, சேவையிலா, அந்தப் பிரசங்கத்திலா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

பெயர் விடுபட்டதற்காக அழுத கடிதத்தைப் 'பெயர் போட வேண்டாம்' என்று முடித்திருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அப்புறம் மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த நன்றியுரை மாதிரி ஒன்றில் நானும் உட்கார்ந்திருந்தவன்தான்.

என் பாட்டி லுத்தரன், புராட்டஸ்டண்ட் சபைக்காரர். பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் கோயிலுக்குப் போய்வந்தவர். அவர் இரும்புப் பெட்டியில் பழைய வேதாகமம் ஒன்று இருந்தது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு சங்கிலி வருமே, துன்பம் பொறுமையைத் தரும், பொறுமை வேறொன்றைத் தரும், அது நம்பிக்கையைத் தரும் என்று? நடுவில் உள்ள அந்த 'வேறொன்று'தான் பிரசங்கங்களில் குணம் என்று வருவது. நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 'தகைமை'. பாட்டியின் புத்தகத்தில் அதே இடத்தில் 'பரீட்சை' என்று இருக்கும். அச்சுப்பிழை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குச் சோதித்துத் தேறிய தன்மை என்று பொருளாம். தட்டான் உரைகல்லில் தேய்த்துப் பார்த்த தங்கம் மாதிரி. பழைய மொழிபெயர்ப்பாளர் தேறியதை விட்டுவிட்டுச் சோதனையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தச் சொல்லில் இருக்கிறது. சேவை முதலில் நம்மைக் கல்லில் தேய்த்துக் காட்டுகிறது. மூன்று வருடத்துக்கு முன்பும் உங்களுக்குப் பாராட்டு வேண்டித்தான் இருந்திருக்கும். அதை யாரும் உரசிப் பார்க்கவில்லை. குழுவில் சேராமல் வீட்டிலேயே இருந்திருந்தால், எனக்குப் புகழாசை கிடையாது என்று நம்பியே கிழவியாகியிருப்பீர்கள்.

கடைசி இராவுணவில், அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த அதே மேசையில், தங்களில் யார் பெரியவர் என்று சீடர்கள் வாக்குவாதம் செய்ததாக லூக்கா எழுதிவைத்திருக்கிறார். கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டவர்கள். அவர்களுக்கும் ஏறக்குறைய மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த டி-சட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து சொல்லில் எதுவும் தப்பில்லை. ஆனால் ஒரு குழுவுக்குப் பொதுவான விழுமியம் எது என்று எனக்குத் தெரியவேண்டுமானால் நான் முதுகைப் பார்க்கமாட்டேன். பாத்திரம் கழுவும் பட்டியலைக் கேட்பேன்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமில் விசுவாசிகள் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்த காலம். அப்பேர்ப்பட்ட இடத்திலும் சாப்பாட்டில் தகராறு. கிரேக்கம் பேசும் கைம்பெண்களை அன்றாடப் பந்தியில் கவனிப்பதில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. திருத்தூதர் பன்னிருவரும் அதற்குத் தாழ்மையைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பந்தியைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று போகிற அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படிக்கத் தோன்றுகிறது. தமிழ், ஆங்கிலம், மாண்டரின், மலாய் என்று ஒரே கோயிலில் பூசை நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஊர் நம்முடையது. திருவிழாவன்று மண்டபம் எந்த மொழிக்காரர்களுக்கு என்று கூட்டம் போட்டு விவாதித்தவர்களுக்கு அந்த அதிகாரம் போன வாரம் நடந்த மாதிரி இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். முப்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னால், இங்கே பினாங்கில் எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தேன். 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் சில நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. ஏழை வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பதுதான் அதன் உயிர். பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க முடியாது. அதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். இரண்டு, வீடு பார்க்கத் தனியாகப் போகக்கூடாது, இருவராகத்தான் போகவேண்டும்.

எங்கள் பை கறுப்புத் துணி, வாய் சுருங்கியது. கையை விட்டால் மணிக்கட்டு வரை மறைந்துவிடும். ஐம்பது வெள்ளி போட்டவரும் ஐம்பது காசு போட்டவரும் ஒரே மாதிரித்தான் கையை எடுப்பார்கள். பாயான் லெப்பாஸில் எனக்கு இருந்த வேலை போய் நான்கு மாதம் சும்மா இருந்த காலத்தில், மூடிய கையை உள்ளே விட்டு மூடிய கையாகவே வெளியே எடுத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாது. பொருளாளருக்கும் மொத்தக் கணக்குத்தான் தெரியும். என் மனைவிக்கே இதை நான் சொன்னதில்லை, இனிமேல் தெரிந்துவிடும். திரும்ப வேலை கிடைத்தபின் கவனித்தேன், அடுத்தவர் கை பைக்குள் போகும்போது என் கண் தானாகத் தரைக்குப் போயிருந்தது. யாரும் அதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது வழக்கம் கொஞ்சம் கஷ்டம். திருவிழாக் கணக்கில் ஒரு கேள்வி கேட்கப்போய், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. அவரை அண்ணன் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். அடுத்த மாதப் பட்டியலில் எங்கள் இருவரையும் ஜோடி போட்டிருந்தார்கள். தலைவர் வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. பதினோராவது மாடி. அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை. பத்துக் கிலோ அரிசி என் தோளில், எண்ணெயும் மைலோவும் சார்டின் டின்களும் அவர் கையில். ஐந்து மாடி வரை அவர் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. ஆறாவதில் நின்றுவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, "நீ போப்பா, நான் மெதுவா வர்றேன்" என்றார். போய்விடலாம்தான். ஆனால் இருவராகத்தான் கதவைத் தட்டவேண்டும், அதுதான் விதி. அரிசியை இறக்கிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். எந்த வீட்டிலோ கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார், "அந்தக் கணக்குல நீ கேட்டது சரிதான். கேட்ட விதந்தான்…" மேலே பேசவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. "முட்டிக்கு என்ன அண்ணன் போடுறீங்க?" என்று கேட்டேன். தைலத்தின் பெயரைச் சொன்னார். ஏறினோம். கதவைத் திறந்த அம்மா, போன் பண்ணாமல் வந்ததற்கு எங்களைத் திட்டிவிட்டு, அவருக்கு முதலில் நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார்.

அதற்கப்புறம் நாங்கள் உயிர் நண்பர்களாகிவிட்டோம் என்றால் பொய். அடுத்த வருடக் கணக்குக்கும் சண்டை போட்டோம். முகத்துக்கு நேராகப் போட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். முன்பெல்லாம் நான் கார் நிறுத்துமிடத்தில் வைத்து நாலு பேரிடம் பேசுகிறவன்.

அந்தப் பையையும் ஜோடியையும் யோசித்து வைத்தவர்கள் மனிதனைத் தெரிந்தவர்கள். தாழ்மையாக இரு என்று சொன்னால் நான் தாழ்மையாக இருப்பதைப் பத்துப் பேருக்குக் காட்டுவேன். கையை மறைத்துவிட்டால் காட்ட இடமில்லை. பிடிக்காதவரோடு அரிசி தூக்க வைத்தால், ஆறாவது மாடியில் ஏதாவது ஒன்று நடந்தே தீரும். இது நம் சபைகளின் தனிச்சொத்து ஒன்றுமில்லை. தைப்பூசத்தன்று இங்கே தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நின்று ஊற்றிக்கொடுப்பவர்களைக் கேளுங்கள், இதே மாதிரிக் கதைகள் சொல்வார்கள்.

இனி உங்கள் நன்றியுரை. பத்து லஞ்சாங்கில் முதியோர் இல்லம் நடத்துகிற கன்னியர்களை இங்கே எல்லாரும் 'லிட்டில் சிஸ்டர்ஸ்' என்பார்கள், உங்கள் செராஸிலும் இருக்கிறார்கள். அந்தச் சபையைத் தொடங்கியவர் ழான் ஜுகான். 1839 குளிர்காலத்தில், பிரான்சின் செயின்ட் செர்வான் ஊரில், கண் தெரியாத ஒரு கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் படுக்கையில் கிடத்தினார். இப்படி வந்து சேர்ந்த முதியவர்களுக்காக வீடு வீடாகப் போய்க் கையேந்தினார். 1843-இல் சகோதரிகள் அவரையே மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது, ஆலோசகராக இருந்த குருவானவர் அதைத் தள்ளிவிட்டு இளைய சகோதரி ஒருவரை அமர்த்தினார். போகப்போக, நிறுவியதே தான்தான் என்றும் ஆக்கிக்கொண்டார். 1852-இல் ஜுகானை மடத்துக்குத் திரும்ப அழைத்து உள்ளேயே வைத்துவிட்டார்கள். 1879-இல் இறக்கும்வரை இருபத்தேழு வருடம். கூட வாழ்ந்த இளம் கன்னியர்களுக்கே அவர் யார் என்று தெரியாது. இருபத்தேழு வருடமும் அவர் இல்லாத நன்றியுரைதான்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, 'பார்த்தாயா, நீயும் பேசாமல் இரு' என்று சொல்கிற ஆட்கள் நம் கோயில்களில் நிறைய. பெரும்பாலும் அவர்கள் மேடையில் இருப்பார்கள், கேட்பவர்கள் அடுப்படியில் இருப்பார்கள், அதிலும் முக்கால்வாசி பெண்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோம் அதை விசாரித்தது, 1890-இல் அந்தக் குருவானவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 2009-இல் ஜுகானைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அவர் பொறுத்துக்கொண்டது அவருடைய பெருமை. பொறுக்கவைத்தது மற்றவர்களின் குற்றம். இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.

அதனால் உங்கள் தலைவரிடம் போய், 'என் பெயரை விட்டுவிட்டீர்கள், எனக்கு வலித்தது' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில். சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமை வெங்காயம் நறுக்கப் போங்கள். கூடவே ஒரு யோசனை வையுங்கள்: இனி நன்றியுரையில் குழுவுக்குள் இருப்பவர்களின் பெயரே வேண்டாம் என்று. கேக் கொடுத்தவருக்குச் சொல்லட்டும், அவர் விருந்தாளி.

இரண்டு பொட்டலம் கேட்பவரைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும். உங்கள் குழுவில் யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே சோற்றை அங்கேயே சாப்பிட்டதுண்டா? உட்கார்ந்தால் இரண்டாவது பொட்டலம் யாருக்கு என்று அவரே சொல்வார். நடக்க முடியாத கூட்டாளிக்காக இருக்கலாம், காலைச் சாப்பாடாக இருக்கலாம், வெறும் பேராசையாகவும் இருக்கலாம். எதுவானாலும், யாரென்று தெரிந்த ஒருவர்மேல் வரும் கோபம் வேறு மாதிரி இருக்கும்.

டி-சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எல்லாரும் சௌகிட்டுக்குக் கிளம்பியபின் யாராவது ஒருவர் பின்னால் தங்கி அண்டாவைத் தேய்க்கவேண்டும் இல்லையா, அந்தப் பட்டியலில் இரண்டு பேராகப் பெயர் போட்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேயுங்கள். நல்ல பருத்தி என்றால் கரி பட்டாலும் துவைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன், பினாங்கு