சட்ட மருத்துவத்தில் முன்னோடிப் பெண் பேராசிரியர் என்று யாரை என் மகளுக்குக் காட்டலாம்?

மகள் மருத்துவபீடத்தில் படிக்கிறாள், சட்ட மருத்துவத்தில் ஆசைப்படுகிறாள், வீட்டுப் பெரியவர்களோ "பொம்பிளைப் பிள்ளைக்குப் பிரேத அறை வேலையோ" என்று தடுக்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் இந்தக் கதையைக் கேட்காத வீடு குறைவு. நீங்களும் அரை மனதோடுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சொல்லும் பெயர் மில்ட்ரெட் ட்ரொட்டர். அவர் சட்ட மருத்துவப் பேராசிரியர் அல்ல, உடற்கூற்றியல் பேராசிரியர். யாரும் திருத்த வரமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் எலும்பு மட்டும் மிஞ்சிய ஒருவரைப் பார்த்து "ஆள் எவ்வளவு உயரம்" என்று நீதிமன்றம் கேட்டால், பதில் தேடும் வைத்தியரின் பாடநூலில் இன்றும் அவருடைய சமன்பாடுதான் இருக்கிறது. ஒரு துறைக்கு முன்னோடி என்பவர் அந்தத் துறையின் பதவிப்பெயரைச் சுமந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

பிறந்தது 1899, அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1920இல் சென் லூயிஸ் நகர வொஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவபீடத்துக்கு உதவி ஆய்வாளராக வந்தார். முதல் வேலை முடி பற்றியது. சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோமே, அது உண்மையில்லை என்று 1928இலேயே அளந்து காட்டியவர் அவர்தான். 1930இல் இணைப் பேராசிரியர் ஆனார். அதோடு 16 வருடம் அங்கேயே நிற்க வைத்தார்கள். என்னிடம் என்ன குறை என்று துறைத் தலைவரிடம் நேரே கேட்டார். 1946இல் பேராசிரியர் பதவி வந்தது. அந்த மருத்துவபீடத்தில் அந்த நிலைக்கு வந்த முதல் பெண் அவர். உங்கள் மகளுக்குக் காட்டவேண்டிய முதல் விஷயம் இது.

இரண்டாவது விஷயம் ஹவாயில் நடந்தது. நிலாவெளி வீதியில் உப்புவெளி யுத்த மயானத்தைக் கடந்து போகாத திருகோணமலைக்காரர் இல்லை. அங்கே கிடப்பவர்கள் எந்தப் போரில் செத்தார்களோ, அதே இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களின் எலும்புகளை ஹவாய்க்குக் கொண்டுவந்து யார் எவர் என்று பிரித்தார்கள். 1948இல் ட்ரொட்டர் விடுமுறை எடுத்துக்கொண்டு போய் 14 மாதம் அந்த வேலையை நடத்தினார். சிப்பாய் படையில் சேரும்போதே உயரம் அளந்து எழுதியிருப்பார்கள். எழுதிய உயரமும் எலும்பின் நீளமும் ஒரே ஆளிடமிருந்து கிடைத்தது அங்கேதான். அதற்கு முந்திய, புள்ளிவிபரவியலாளர் பியர்சனின் உயரச் சமன்பாடு பிரான்சில் வெட்டுமேசையில் கிடத்தி அளந்த 100 உடல்களில் இருந்து வந்தது. கிடத்திய பிரேதம் நின்ற மனிதனைவிட ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமாக இருக்கும் என்பதையும் ட்ரொட்டரே கணக்கிட்டுச் சொன்னார். புள்ளிவிபரக் கணக்கில் அவருக்குத் துணை நின்றவர் கோல்டின் கிளேசர், அவரும் பெண். 1952இல் இருவரும் சேர்ந்து கட்டுரையை வெளியிட்டார்கள்.

கணக்கு இதுதான். வெள்ளை இன ஆணுக்குத் தொடையெலும்பின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 2.38ஆல் பெருக்கி 61.41ஐக் கூட்டவேண்டும். பிழை எல்லை ±3.27 சென்ரிமீற்றர். பெண்ணுக்கு 2.47ஆல் பெருக்கி 54.10, எல்லை ±3.72. தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆணுக்கு எல்லை ±2.99 ஆகச் சுருங்கும். மேற்கை எலும்பை மட்டும் வைத்துச் செய்தால் ±4.05 ஆக விரியும். ஆகவே கால் எலும்பு இருக்கும்போது கை எலும்பில் கணக்குப் போடக்கூடாது. நாலைந்து எலும்பில் நாலைந்து விடை எடுத்துச் சராசரி போடுவதும் தவறு. பிழை எல்லை குறைந்த ஒரு சமன்பாட்டைத் தெரிவுசெய்து அதோடு நிற்கவேண்டும். முதியவர் என்று தெரிந்தால் 30 வயதுக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 0.06 சென்ரிமீற்றர் கழிக்கவேண்டும், 65 வயதென்றால் 2.1. இதையும் 1951இல் அவர்களே தந்தார்கள்.

பெரும்பாலும் பிழை வருவது கணக்கில் அல்ல, அளவில். தையற்கார நாடாவால் எலும்பை அளந்து எழுதிய அறிக்கை எதற்கும் உதவாது. ஒரு முனையில் அசையாத தடுப்பும், மறுமுனையில் நகரும் கட்டையும், கீழே மில்லிமீற்றர் கோடும் உள்ள எலும்பு அளக்கும் பலகை வேண்டும். தொடையெலும்பின் பின்பக்கம் பலகையில் படும்படி கிடத்தி, முழங்கால் முனையைத் தடுப்பில் முட்டவைத்து, கட்டையை இடுப்பு முனையின் உருண்டைத் தலையில் தொடவிட்டு, எலும்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெதுவாக அசைக்கவேண்டும். அசைக்க அசைக்கக் கட்டை பின்னுக்குப் போய் நிற்கும் ஆகக்கூடிய எண்தான் முழு நீளம். முழங்கால் முனையின் இரண்டு குமிழும் தடுப்பில் ஒட்டும்படி வைத்தால் வருவது வேறொரு அளவு, அது சில மில்லிமீற்றர் குறையும். எந்த அளவு என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுகிறவர்கள் பலர். எலும்பு காய்ந்திருக்கவேண்டும், குருத்தெலும்பு ஒட்டியிருந்தால் கூடக் காட்டும். முனைகள் இன்னும் ஒட்டாத இளம் எலும்பென்றால் வளர்ந்தவர்களின் சமன்பாட்டைத் தொடவே கூடாது. உடைந்த துண்டைப் பசைபோட்டு ஒட்டி அளப்பதும் வேண்டாம். இரண்டு பக்க எலும்பும் இருந்தால் இரண்டையும் அளந்து தனித்தனியே எழுதவேண்டும்.

ட்ரொட்டர் மீதே ஒரு பிழை உண்டு. அவரைப் பெருமையாகப் பேசுவதால் அதை மறைக்கப் போவதில்லை. கணைக்கால் எலும்பின் கீழ்முனையில், கணுக்காலின் உட்பக்கம் தொட்டால் தெரியும் மொளியையும் சேர்த்து அளக்கவேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருந்தார். உண்மையில் அதை விட்டுவிட்டு அளந்திருக்கிறார். ஜான்ட்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1994, 1995 ஆண்டுகளில் பழைய அளவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள், அவர் இறந்து சில வருடம் கழித்து. மொளி சேர்ந்தால் எலும்பு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். சமன்பாட்டின் பெருக்கெண் 2.52. ஆகவே புத்தகத்தில் எழுதியபடி சரியாக அளக்கிறவருக்கு விடை இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் வரை கூடிவிடும். இதனால் 1952ஆம் ஆண்டுக் கணைக்கால் சமன்பாட்டை எடுக்கிறவர் மொளியை விட்டே அளக்கவேண்டும். இது தெரியாமல் இன்றும் எழுதுகிறார்கள். எலும்பையும் பதிவையும் அவர் ஒழுங்காகப் பேணி வைத்துவிட்டுப் போனதால்தான் நாற்பது வருடம் கழித்துப் பிழையைப் பிடிக்க முடிந்தது. என் மதிப்பில் அது சமன்பாட்டைவிடப் பெரிய கொடை.

அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும்: அமெரிக்கனுக்குப் போட்ட கணக்கு மூதூர்க்காரனுக்கு எப்படிப் பொருந்தும்? நியாயமான கேள்வி. 43.0 சென்ரிமீற்றர் தொடையெலும்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஆணின் கணக்கில் 163.75, கறுப்பின ஆணின் கணக்கில் 161.08, 1958இல் கொரியப் போரில் இறந்தவர்களைக் கொண்டு அவர்கள் சேர்த்த மங்கோலிய இன ஆணின் கணக்கில் 165.02, வெள்ளைப் பெண்ணின் கணக்கில் 160.31. எலும்பு ஒன்றுதான், வித்தியாசம் கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றர். இதில் எதுவும் நம் ஆட்களை அளந்து வந்ததல்ல. காலியில் மருத்துவபீடத்தினர் உயிரோடு இருப்பவர்களின் முன்கையை அளந்து இலங்கையருக்கென்று செய்த ஆய்வு உண்டு, ஆனால் தோலோடு அளந்த அளவைக் காய்ந்த எலும்பில் அப்படியே போடமுடியாது. எனவே நேர்மையான அறிக்கை எந்தச் சமன்பாடு, எந்த மக்கள், எந்த எல்லை என்று மூன்றையும் எழுதும். 163.75 என்று எழுதி நிறுத்தாது. ஒற்றை எல்லைக்கு வெளியேயும் மூவரில் ஒருவர் வரக்கூடும் என்பதால் எல்லையை இரட்டித்து, ஏறத்தாழ 157க்கும் 170க்கும் இடையில் என்று எழுதும். சட்டத்தரணி "இவ்வளவு அகலமாகச் சொன்னால் என்ன பயன்" என்று கேட்பார். கேட்கட்டும். அந்த எல்லைக்குள் வராத ஆட்களைக் கழித்துவிடலாம், அதுதான் பயன். இவர்தான் அவர் என்று உயரத்தை மட்டும் வைத்து யாரும் சொல்லக்கூடாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், ஒப்பிட எழுத்தில் உயரம் கிடைப்பதில்லை. தேசிய அடையாள அட்டையில் உயரம் இல்லை. காணாமல் போனவரின் தாயிடம் "எத்தனை அடி" என்று கேட்டால் மனதில் உள்ள பிள்ளையின் உயரத்தைச் சொல்வார், அது கூடித்தான் வரும். அதைவிட, கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்ற படம் இருக்கிறதா, நிலை இன்னும் இருக்கிறதா, கூட நின்ற தம்பியை இப்போது அளக்கலாமா, காற்சட்டை மிஞ்சியிருக்கிறதா என்று கேட்பது நல்லது. பல்லில் அடைப்பு, பழைய எலும்பு முறிவு, கழற்றிய பல் ஆகியவை உயரத்தைவிட உறுதியான தடயங்கள்.

உயரம் வருவதும் கடைசியில்தான். முதலில் மனித எலும்பா என்று பார்க்கவேண்டும். கரையோரத்தில் கடலாமையின் துடுப்பும் டொல்பினின் துடுப்பும் மனிதக் கையென்று பொலிசுக்கு வருவது நடக்கக்கூடியதே. பிறகு எத்தனை பேர், அதாவது ஒரே பக்கத்து ஒரே எலும்பு இரண்டு முறை வருகிறதா. பிறகு இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, பிறகு வயது. காணியில் கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது எலும்பு வந்தால் ஜே.சி.பி.யை அப்படியே நிறுத்திவிட்டுப் பொலிசுக்குச் சொல்லவேண்டும். நீதவானின் உத்தரவு வந்து சட்ட வைத்திய அதிகாரி (ஜே.எம்.ஓ.) வரும்வரை எதையும் எடுக்கக்கூடாது, உரப்பையில் கட்டவே கூடாது. மனிதனின் 206 எலும்பில் 106 கையிலும் பாதத்திலும் இருக்கிறது. மண்ணைச் சல்லடையில் அரிக்காவிட்டால் அவை போய்விடும், தனி வேர்ப் பல்லும் கழன்று போய்விடும். "இளம் பெண்ணின் எலும்புக்கூடு" என்று அன்றைக்கே செய்தி போடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை தாய்மார் இரவிரவாகத் தூங்காமல் இருப்பார்கள்?

இங்கே கேள்வியை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. இருந்தும் திடீர் மரணம் நடந்த வீட்டுக்காரரின் வாக்குமூலத்தை அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதி, கீழே கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. புருஷனை இழந்து நிற்கிற மனுஷி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் நிலையிலா இருப்பார்? காப்புறுதி, ஓய்வூதியம் என்று போகும்போதுதான் அதில் உள்ளது தெரியவரும். வாசித்துக் காட்டுங்கள், தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்பது சண்டித்தனம் அல்ல, உரிமை. கையெழுத்து வைக்கமுன் கேளுங்கள்.

இனி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு. சட்ட வைத்திய அதிகாரியின் வேலை முழுக்கப் பிரேத அறை என்று நினைப்பது தவறு. அடிபட்டவர், எரிகாயப்பட்டவர், வீட்டு வன்முறையில் வந்த பெண், துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளை என்று உயிரோடு வருகிறவர்களைப் பரிசோதித்து, பொலிஸ் கொண்டுவரும் படிவத்தை நிரப்பி, பிறகு நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவதுதான் நாளாந்தப் பெரும்பாரம். 12 வயதுப் பிள்ளையும் அதன் தாயும் அந்த அறைக்குள் நுழையும்போது எதிரில் இருப்பது தமிழ் பேசும் ஒரு பெண் டொக்டர் என்றால் அந்தப் பிள்ளை எவ்வளவு பேசும் என்று அவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

மகளுக்குப் பாதை தெளிவானது. எம்.பி.பி.எஸ்., உள்ளகப் பயிற்சி முடிந்தபின் கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் சட்ட மருத்துவ டிப்ளோமா, அல்லது எம்.டி. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. உடற்கூற்றியல் பிரிவில் உள்ள எலும்புப் பெட்டியைக் கேட்டு வாங்கி, தொடையெலும்பை அளந்து குறித்துவிட்டு, ஒரு கிழமை கழித்துப் பழைய எண்ணைப் பாராமல் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வந்தால், எலும்பைப் பலகையில் கிடத்தும் முறையை முதலில் சரிபார்க்கட்டும்.